வரிசை கலையும் வெப்பநிலை

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் காலைச் சோறு மின்சாரக் குக்கரில்தான் வேகிறது. அரிசியைக் களைந்து, அளந்து தண்ணீர் வைத்து, பொத்தானைக் கீழே அழுத்திவிட்டால் போதும். சோறு வெந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், விளக்கு மாறும். அரிசி பழையதா புதியதா, பொன்னியா கிச்சிலிச் சம்பாவா என்று அந்தக் குக்கருக்குத் தெரியாது. சாதாரணக் குக்கருக்குள் கடிகாரமும் கிடையாது. தண்ணீர் வற்றிவிட்டது என்ற ஒன்றைத்தான் அது அறிகிறது. அதை அறிவது ஒரு காந்தம்.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அதன் அடி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி அதிகம் போகாது. கொடுக்கிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்ததும் அடிப்பாத்திரம் மளமளவென்று சூடேறும். அந்த அடியைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறு வில்லை இருக்கிறது. ஃபெர்ரைட் எனப்படும் இரும்பு ஆக்சைடுப் பீங்கானால் ஆனது. ஏறத்தாழ 103 டிகிரியில் காந்தத்தன்மையை இழக்கும்படி அதன் கலவையைத் தேர்ந்திருப்பார்கள். அதுவரை அதோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலைக்காந்தம் பிடி தளர்கிறது, சுருள்வில் அதைக் கீழே இழுக்கிறது, சுவிட்ச் அணைகிறது.

அந்த வில்லை உருகவில்லை, உடையவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே ஒவ்வொரு இரும்பு அணுவும் ஒரு நுண்காந்தம். ஒழுங்காக நின்றிருந்த அந்த நுண்காந்தங்களின் வரிசை மட்டும் கலைந்திருக்கிறது. இதுதான் காந்த நிலைமாற்றம். வரிசை கலையும் வெப்பநிலைக்குப் பியர் கியூரியின் பெயரை வைத்திருக்கிறார்கள். இரும்புக்கு அது 770 டிகிரி, நிக்கலுக்கு ஏறத்தாழ 355. கடோலினியம் என்ற அருமண் உலோகத்துக்கு வெறும் 20. கத்திரி வெயிலில் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்த கடோலினியத் துண்டு இரும்பைப்போல் காந்தத்தில் கவ்விக்கொள்ளாது. மார்கழி விடியற்காலையில் அது ஏறக்குறைய எல்லைக்கோட்டில் நிற்கும்.

அதே குக்கரின் அடித்தட்டுக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது. சூடேற்றும் நிக்ரோம் கம்பி, நிக்கல் எண்பது பங்கும் குரோமியம் இருபது பங்கும் சேர்ந்த உலோகக்கலவை. நிக்கல் நல்ல காந்த உலோகம். நிக்ரோமோ காந்தத்தில் ஒட்டுவதேயில்லை. குரோமியம் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பங்கு சேர்ந்தாலே நிக்கலின் கியூரி வெப்பநிலை தனிச்சுழி வரைக்கும் இறங்கிவிடுகிறது. மின்தடை எதிர்த்திசையில் ஏறுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத் துண்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே உள்ள தடையைக் கணக்கிட்டால் நிக்கலுக்கு 7 மைக்ரோ ஓம் வரும், நிக்ரோமுக்கு 100-க்கு மேல். இந்த அளவைத்தான் மின்தடைத்திறன் என்கிறோம். இனி வரும் எண்களும் இதே அளவில்தான்.

பிளஸ் டூ ஆய்வகத்தில் மீட்டர் பிரிட்ஜ் செய்தவர்களுக்கு கான்ஸ்டன்டன் கம்பி நினைவிருக்கும். செம்பின் மின்தடைத்திறன் 1.7. நிக்கலுடையது 7. இரண்டையும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த கான்ஸ்டன்டனுக்கோ 49. நன்றாகக் கடத்தும் இரண்டைக் கலந்தால் இரண்டையும்விட மோசமாகக் கடத்தும் ஒன்று கிடைக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் செம்போடு பித்தளையும் ஈயமும் சேர்த்து உருக்கி, காவிரி வண்டல் மண் அச்சில் வார்க்கிறார்களே, அந்த உலோகமும் தூய செம்பைவிட மோசமான கடத்திதான். ஏன் இப்படி? எலக்ட்ரான் ஓர் அலை. அணுக்கள் பிசகில்லாமல் வரிசையாக இருந்தால் அந்த அலை எங்கும் சிதறாமல் கடந்துபோய்விடும் என்று 1928-இல் ஃபெலிக்ஸ் ப்ளாக் காட்டினார். அணு இருப்பதனால் தடை வருவதில்லை, அணுக்களின் வரிசை பிசகுவதனால் வருகிறது. வெப்பத்தில் அணுக்கள் அதிர்வது ஒரு பிசகு. செம்பு இருக்க வேண்டிய இடத்தில் நிக்கல் இருப்பது இன்னொரு பிசகு. இந்த இரண்டின் தடைகளையும் தனித்தனியாகக் கூட்டிக்கொள்ளலாம் என்பதை ஆகுஸ்டஸ் மத்தீசன் 1860-களிலேயே சோதனையில் கண்டிருந்தார்.

நம் பாடநூல்கள் மின்தடையை ஒரு பொருளோடு பிறந்த எண்ணாக அட்டவணை போட்டுத் தருகின்றன. அதனால் மாணவர்களுக்குப் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன். உலோகத்துக்குள் ஒழுங்கு எவ்வளவு, குழப்பம் எவ்வளவு என்று சொல்லும் சாட்சி அது. காந்த உலோகங்களில் அந்தச் சாட்சி இன்னும் நிறையப் பேசும், ஏனென்றால் அங்கே மூன்றாவதாக ஒரு பிசகுக்கும் இடம் இருக்கிறது.

அந்த மூன்றாவது பிசகை ஒரு வயலில் வைத்துப் பார்க்கலாம். டெல்டாவில் திருந்திய நெல் சாகுபடி செய்கிறவர்கள் முக்கால் அடிக்கு முக்கால் அடி சதுரமாக, குத்துக்கு ஒற்றை நாற்று நடுகிறார்கள். வரிசைகளின் நடுவே கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்பது அதில் பெரிய வசதி. பயிர் தூர் கட்டி வளர்ந்து சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குத்தும் கிழக்கே சாய்ந்திருந்தால் எல்லா இடைவெளியும் திறந்திருக்கும், கருவி ஓடும். ஒவ்வொரு குத்தும் தன்போக்கில் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருந்தால், நட்ட இடம் ஒரு விரற்கடைகூட மாறாவிட்டாலும் கருவி அடிக்கொருதரம் சிக்கும். மூன்றாவது வகையும் உண்டு. ஒரு வரிசை கிழக்கே, அடுத்தது மேற்கே, மறுபடி கிழக்கே என்று மாறி மாறிச் சாய்ந்திருந்தால் அதுவும் ஒழுங்குதான். ஆனால் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்த வரிசைகளுக்கு நடுவே வழி அடைபட்டுப்போகும், ஒன்றுவிட்டு ஒரு இடைவெளிதான் மிஞ்சும். நட்ட இடம் அணுவின் இடம், சாய்வு அதன் காந்தத் திசை. முதல் வயல் ஃபெர்ரோகாந்தம். இரண்டாவது, கியூரி வெப்பநிலையைத் தாண்டிய உலோகம். மூன்றாவது, எதிர்ஃபெர்ரோகாந்தம்.

வயலோடு ஒப்பிடுவது இவ்வளவு தூரம்தான் சரிவரும். எலக்ட்ரான் அலை என்பதால் மூன்றாவது நிலையில் நடப்பது வேறு. திசைகள் மாறி மாறி வரும்போது ‘அதே மாதிரி’ அணு மறுபடி வருவதற்கான தொலைவு இரட்டிப்பாகிறது. அந்தப் புதிய இடைவெளியோடு ஒத்துப்போகும் அலைநீளமுள்ள எலக்ட்ரான்கள் முன்னேற முடியாமல் திருப்பி அனுப்பப்படுகின்றன. மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஆட்டத்திலிருந்தே விலகிவிடுகிறது, தடை கூடுகிறது.

இரும்பின் மின்தடைத்திறன் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 10. சூடாக்கினால் வெறும் அணு அதிர்வு காரணமாக ஏற வேண்டியதைவிட வேகமாக ஏறி, 770 டிகிரியில் 100-ஐத் தொடுகிறது. அதற்கு மேல் ஏற்றம் சட்டென்று மந்தமாகிவிடும். கலைய வேண்டிய வரிசையெல்லாம் கலைந்தாயிற்று, இனிக் கலைவதற்கு எதுவுமில்லை. நிக்கலிலும் 355 டிகிரி அருகே இதே முறிவு. காந்தமானி எதுவும் இல்லாமல், ஒரு கம்பியின் தடையை மட்டும் அளந்து, அதற்குள் காந்தம் எப்போது மறைந்தது என்று சொல்லிவிடலாம்.

சரியாக அந்த எல்லைக்கோட்டில் எலக்ட்ரானுக்கு என்ன நேர்கிறது? இதற்கு விடை தேடும் வழியில் ஒரு தமிழரின் பெயர் வருகிறது. ராமன் விளைவைப் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பெயர், தெரியவேண்டிய அளவுக்குத் தெரியாத வேலை. கே. எஸ். கிருஷ்ணன் 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-இல் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத்தன்மையை மிக நுட்பமாக அளந்தார். 1942-இல் அலகாபாத் போனபின் அவர் கவனம் உலோகங்களின் மின்தடைமீது திரும்பியது.

1945-இல் ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, உருகிய உலோகத்தின் மின்தடை. திரவத்தில் அணுக்களுக்கு வரிசையே இல்லை. ஆனால் முழுக் குழப்பமும் இல்லை, பக்கத்து அணு எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. திரவத்தின் வழியே எக்ஸ் கதிரை அனுப்பினால் அந்த அரைகுறை ஒழுங்கு சிதறல் வடிவமாகத் தெரியும். எலக்ட்ரானும் அலை, எக்ஸ் கதிரும் அலை. அப்படியென்றால் எக்ஸ் கதிர் எப்படிச் சிதறுகிறது என்று பார்த்து எலக்ட்ரான் எப்படிச் சிதறும் என்று கணக்கிடலாமே! ஆராய்ச்சி வாழ்வையே ஒளி சிதறுவதைப் பார்த்துத் தொடங்கிய ஒருவருக்குத்தான் இது இவ்வளவு இயல்பாகத் தோன்றியிருக்க முடியும். 1961-இல் ஜான் ஜைமன் விரிவாக உருவாக்கிய திரவ உலோகக் கோட்பாடு இன்று பாடநூல்களில் இருக்கிறது. அதன் மையக் கருத்து கிருஷ்ணன்–பாட்டியா கட்டுரைகளிலேயே இருந்தது. ராமன் விளைவுக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்கையாவது இந்த வேலைக்கும் நாம் கொடுத்திருக்க வேண்டும்.

இதே சிந்தனையைக் காந்த எல்லைக்கோட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒரு திரவத்தை, திரவமும் வாயுவும் வேறுபாடின்றிப் போகும் மாறுநிலைப் புள்ளிக்குக் கொண்டுபோனால், தெளிவாக இருந்த அது பால்போல் வெளுத்துவிடும். அங்கே அடர்த்தி சிறு சிறு திட்டுகளாக ஏறி இறங்கும். திட்டுகள் பெரிதாகப் பெரிதாக ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். கியூரி வெப்பநிலையிலும் திட்டுகள் உண்டு. இங்கே அடர்த்திக்குப் பதில் காந்தத் திசை. ஒரு திட்டில் அணுக்காந்தங்கள் ஒருமித்து நிற்கும், அடுத்த திட்டில் வேறு பக்கம் திரும்பியிருக்கும். 1958-இல் பியர்-ஜில் டெ ஜென்னும் ஜாக் ஃப்ரீடலும் ஒளிக்கு நடப்பது எலக்ட்ரானுக்கும் நடக்கும் என்று வாதிட்டார்கள். 1968-இல் மைக்கேல் ஃபிஷரும் ஜேம்ஸ் லாங்கரும் அதைத் திருத்தினார்கள். எலக்ட்ரானின் அலைநீளம் மிகச் சிறியது, அதனால் பெரிய திட்டுகளை அது கண்டுகொள்ளாது, பக்கத்துப் பக்கத்து அணுக்களின் ஒற்றுமையைத்தான் பார்க்கும். ஆகவே தடையைவிடத் தடை மாறும் வேகத்தைப் பார்க்க வேண்டும், எல்லைக்கோட்டில் வெப்ப ஏற்புத்திறன் எப்படிக் கூர்மையாக எழுகிறதோ அப்படியே அதுவும் எழும் என்றார்கள். நிக்கலில் எடுத்த அளவீடுகள் அதற்கு ஒத்துப்போயின.

இதுவரை வரிசையைக் கலைத்தது வெப்பம். வரிசைப்படுத்த வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால்? 1856-இல் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு, இரும்பிலும் நிக்கலிலும் காந்தப்புலம் தடையைச் சிறிதளவு மாற்றுவதைக் கண்டார். மின்னோட்டம் புலத்தின் திசையில் போனால் ஒரு மதிப்பு, குறுக்கே போனால் வேறு. காந்த மின்தடையின் வரலாறு இங்கே தொடங்குகிறது. நிக்கல்–இரும்புக் கலவையான பெர்மல்லாயில் இந்த மாற்றம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். ஆனால் அந்த இரண்டு மூன்று பங்கை வைத்தே வண்டிச் சக்கரத்தின் வேகத்தை அளக்கிறார்கள், பூமியின் காந்தத் திசையை உணரும் சில்லுகளைச் செய்கிறார்கள். 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் இரும்பையும் குரோமியத்தையும் சில அணு தடிமனில் மாறி மாறி அடுக்கினார்கள். ஃபெர்ட் குழு எடுத்த அடுக்கில் கடுங்குளிரில் புலம் பட்டதும் தடை ஏறத்தாழப் பாதியாகியது. 2007-இல் நோபல் பரிசு. கணினியின் வன்தட்டு வாசிப்பு முனை வழியாக அந்தக் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது, அடுக்கு எதுவும் கட்டாமல், உருக்கி வார்த்த கலவைக்குள் இயற்கையே செய்துவைத்திருக்கும் அதே வேலை. இரும்பையும் ரோடியத்தையும் சரிபாதி கலந்தால் அறை வெப்பநிலையில் எதிர்ஃபெர்ரோகாந்தம் கிடைக்கும். சூடாக்கினால் ஏறத்தாழ 75 டிகிரி அருகே ஃபெர்ரோகாந்தமாகிவிடும். சூடாக்கிக் காந்தம் பெறும் உலோகம்! மோரிஸ் ஃபால்லோ 1930-களின் இறுதியில் கண்டது இது. அந்த மாற்றத்தின்போது தடை சரேலென்று விழுகிறது. காந்தப்புலம் கொடுத்தால் மாற்றம் முன்கூட்டியே நடக்கிறது, ஒரு டெஸ்லாவுக்கு ஏறத்தாழ எட்டு டிகிரி. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே கலவையை நிறுத்திவைத்துப் புலத்தைப் போட்டால், மாறி மாறிச் சாய்ந்திருந்த வரிசைகளெல்லாம் ஒரே பக்கம் திரும்பும். ஒரு சுவிட்சைத் தட்டியதுபோல் தடை இறங்கும்.

இது நிக்கலில் நடப்பதுபோன்ற மெல்லிய கலைதல் இல்லை. தண்ணீர் பனிக்கட்டியாவதுபோன்ற முதல்வகை நிலைமாற்றம். இரண்டு நிலைகளும் ஒரே துண்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். சூடாக்கும்போது ஒரு வெப்பநிலையில் மாறியது, குளிரவைக்கும்போது வேறொரு வெப்பநிலையில் திரும்பும். இந்த இடத்தில்தான் இந்தூர் நகரத்து ஆய்வாளர்கள் வருகிறார்கள்.

2000-களின் தொடக்க ஆண்டுகளில் அங்கே எஸ். பி. ராய், பி. சட்டா ஆகியோரின் குழு சீரியம்–இரும்புச் சேர்மத்தில் இரும்பின் நூற்றுக்கு நான்கு பங்கை எடுத்துவிட்டு அலுமினியமோ ருத்தேனியமோ வைத்து ஆராய்ந்தது. குளிரும்போது இது முதலில் ஃபெர்ரோகாந்தமாகி, இன்னும் குளிர்ந்தால் எதிர்ஃபெர்ரோகாந்தமாகிவிடும். தடை அங்கே குதித்து ஏறும். வலுவான காந்தப்புலத்தில் வைத்துக் குளிரவைத்தபோது மாற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆற்றல் கணக்குப்படி எதிர்ஃபெர்ரோகாந்தமாக மாற வேண்டிய பகுதிகள், குளிரில் நகர முடியாமல் ஃபெர்ரோகாந்தமாகவே உறைந்துவிட்டன. 2005-இல் இதற்கு ‘காந்தக் கண்ணாடி’ என்று பெயர் வைத்தார்கள். உருகிய கண்ணாடி படிகமாக நேரமின்றி அப்படியே இறுகிவிடுவதை வைத்து வந்த பெயர்.

இதன் விளைவு தடையில் அப்பட்டமாகத் தெரியும். அதே துண்டு, அதே வெப்பநிலை, அதே புலம். ஆனால் எந்த வழியில் அங்கே வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்துத் தடை வேறு வேறு. குளிரவைக்கும்போது ஒரு புலமும் சூடாக்கும்போது வேறொரு புலமும் வைத்துப் பார்க்கும் அளவுமுறையை இந்தூர்க்காரர்கள் பிறகு முறைப்படுத்தினார்கள். உறைந்துபோன பகுதி எது, உண்மையிலேயே நிலைத்த பகுதி எது என்று அதில் பிரித்தறியலாம்.

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இ. வி. சம்பத்குமாரன் பின்தொடர்ந்த புதிர் வேறு மாதிரியானது. கடோலினியம், பல்லேடியம், சிலிக்கான் மூன்றும் இரண்டு–ஒன்று–மூன்று என்ற விகிதத்தில் சேர்ந்த ஒரு சேர்மம். இது 21 கெல்வினில், அதாவது மைனஸ் 252 டிகிரியில், எதிர்ஃபெர்ரோகாந்தமாகிறது. அதற்கு மேலே வரிசை இல்லை, ஆகவே குளிரக் குளிரத் தடை ஒழுங்காக இறங்கிக்கொண்டு வர வேண்டும். 1998-இல் சம்பத்குமாரனும் கூட்டாளிகளும் வெளியிட்ட வரைபடத்தில் தடை ஏறத்தாழ 45 கெல்வின் வரைக்கும் இறங்கியது, பிறகு ஏறத் தொடங்கியது. காந்த வரிசை அமைவதற்கு இன்னும் இருபதுக்கும் மேற்பட்ட டிகிரி இருக்கும்போதே இந்த ஏற்றம். சீரியம் போன்ற தனிமங்களில் இப்படி ஏறினால் ஜுன் கோண்டோ 1964-இல் தந்த விளக்கம் போதும். கடோலினியத்தின் காந்த எலக்ட்ரான்கள் அணுவுக்குள் மிக ஆழத்தில் இருப்பவை, அந்த விளக்கம் இங்கே செல்லாது. காந்தப்புலத்தைக் கொடுத்ததும் ஏற்றம் அடங்கிப்போனது, பெரிய காந்த மின்தடை வெளிப்பட்டது.

அப்படியானால் காரணம் காந்தம்தான், ஆனால் இன்னும் பிறக்காத காந்தம். வரிசை அமைவதற்கு வெகு முன்னரே அணுக்காந்தங்கள் சிறு கூட்டங்களாகச் சேர்ந்து எலக்ட்ரான்களை இழுத்துப் பிடிக்கின்றன என்று சம்பத்குமாரன் வாதிட்டார். கடோலினியக் கலவைகளில் இத்தகைய முன்னறிகுறிகளை அவரும் ஐ. தாஸும் 1995-லேயே சுட்டியிருந்தார்கள். அந்த 1998 வரைபடத்துக்கு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 2019-இல், ஜப்பானில் இதே சேர்மத்தில் காந்தப்புலம் கொடுத்தபோது ஸ்கிர்மியான்கள் வரிசையாக அமைவதைக் கண்டார்கள். காந்தத் திசைகள் சுழன்று சுழன்று பின்னிய, இரண்டரை நானோமீட்டர் அளவுள்ள சுழல்கள் அவை. தகவல் சேமிப்பில் அக்கறையுள்ளவர்கள் எல்லாம் அந்தச் சேர்மத்தின் பக்கம் திரும்பினார்கள். நான்கு கம்பிகளை ஒட்டி எடுத்த ஒரு தடை வரைபடத்தின் சிறிய வளைவைச் சாதாரணமென்று தள்ளாமல் வைத்துக்கொண்டதன் மதிப்பு அப்போது தெரிந்தது.

நான்கு கம்பி என்றது அளவீட்டு முறை. சில மில்லிமீட்டர் நீளமுள்ள உலோகத் துண்டின் தடை மிகச் சிறியது, கம்பியை ஒட்டும் இடத்தின் தடையே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் இரண்டு கம்பிகள் மின்னோட்டத்தைச் செலுத்தும், நடுவில் உள்ள வேறு இரண்டு மின்னழுத்தத்தை மட்டும் வாசிக்கும். ஒட்டிடத்தின் பிழை கணக்கில் வராது. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உயர் அழுத்த ஆய்வு மையத்தில் இந்த நான்கு கம்பிகளை அழுத்தக் கலத்துக்குள் கொண்டுபோகிறார்கள். காந்தத்தில் ஒட்டாத உலோகக்கலவையால் செய்த தடித்த உருளை, உள்ளே திரவத்தில் மூழ்கிய மாதிரித் துண்டு, மேலிருந்து அழுத்தும் உந்துதண்டு. இவ்வகைக் கலத்தில் பத்தாயிரம் வளிமண்டலத்துக்கும் மேல் அழுத்தம் கொடுக்கலாம். அந்த அழுத்தத்தில் அணுக்கள் நெருங்குகின்றன, காந்தத் திசைகளுக்கு இடையே உள்ள பிணைப்பு மாறுகிறது, எல்லைக்கோடு இடம்பெயர்கிறது.

இந்த மையம் நிறைய ஆராய்ந்திருப்பது ஹோய்ஸ்லர் கலவைகளை. செம்பு, மாங்கனீசு, அலுமினியம் மூன்றும் தனித்தனியே இரும்புபோன்ற காந்தங்கள் இல்லை. சேர்த்து உருக்கினால் காந்தம் வருகிறது என்று ஃப்ரீட்ரிக் ஹோய்ஸ்லர் 1903-இல் காட்டினார். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்கல்–மாங்கனீசு–இண்டியம் கலவை குளிரும்போது படிக அமைப்பே மாறி, காந்தத்தன்மை குன்றி, தடை குதித்து ஏறும் நிலைக்குப் போகிறது. 2006-இல் இந்தூரில் இதன் பெரிய காந்த மின்தடையை அளந்தார்கள். அழுத்தம் கொடுத்தால், இடம் குறைவாக அடைக்கும் குளிர்நிலை பலம் பெறும், எல்லைக்கோடு மேலே நகரும். பத்தாயிரம் வளிமண்டலத்துக்கு இருபது டிகிரியை ஒட்டி இருக்கும், கலவைக்குக் கலவை மாறும். காந்தப்புலமோ காந்தம் மிகுந்த சூட்டுநிலையின் பக்கம் நிற்கும், எல்லைக்கோட்டைக் கீழே இழுக்கும்.

இரண்டையும் சேர்த்து ஆளத் தெரிந்தால், புலத்தைக் கொடுத்ததும் வெப்பத்தை உறிஞ்சிக் குளிரும் இந்தக் கலவைகளை வாயு இல்லாத குளிர்சாதனத்துக்குப் பயன்படுத்தலாம். இடையூறாக நிற்பது, சூடேறும்போது ஒரு வெப்பநிலையிலும் குளிரும்போது வேறொன்றிலும் மாறும் அதே வேறுபாடு. புலத்தை எடுத்தபிறகும் கலவை பழைய நிலைக்கு முழுசாகத் திரும்ப மறுக்கிறது, அடுத்த சுற்றில் பாதிதான் வேலை செய்கிறது. அந்த இடைவெளியைச் சில டிகிரிக்குள் ஒடுக்கும் கலவை விகிதம் எது, அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான் இப்போது ஆய்வகங்களின் தேடல். ஒவ்வொரு புதிய கலவைக்கும் முதலில் எடுப்பது நான்கு கம்பி வைத்த தடை வரைபடம், குளிரும்போது ஒன்று, சூடேறும்போது ஒன்று.